வாத்துப் படம்

படத்தின் பேர் என் வாயில் நுழையாது.
பச்சைக் குடைக்குக் கீழே ஒரு மனுசன்,
கக்கத்தில் ஒரு வாத்து.
அதைத் தொட்டால் ஓடும்.
பாசி எண்ண வந்த மண்டபத்து ஆராய்ச்சிக்காரப் பெண்
கார்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.
மூன்று தடவை பார்த்துவிட்டேன்,
சின்னப்பாலத்தில் யாருக்கும் கேட்காமல்
முந்தானையை வாயில் வைத்துச் சிரித்து.

தனியாகச் சிரிப்பது
தனியாக நண்டு தின்கிற மாதிரி.
வள்ளத்தில் வைத்துச் சொன்னேன்:
"இங்கிலீசுப் படம்டி. சிரிப்புப் படம்."
"சண்டை உண்டா?" என்றாள் பூமயில்.
இல்லை.
"பாட்டு?"
சர்ச்சில் ஒன்று. அதுவும் பாதியில் நின்றுபோகும்.
"முத்தம் கித்தம்?" நம்புசெல்வி,
விரலில் துணி சுற்றிக்கொண்டே.
கை குலுக்குவார்கள். ஒரே ஒரு தடவை. மழையில்.
"அப்ப அதுல என்னதான்டி இருக்கு?"

என்ன இருக்கிறது.
ஓயாமல் மழை பெய்கிற ஊர்.
பொண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருத்தனுக்குத்
திருவிழாக் குலுக்கலில் வாத்து விழுகிறது.
வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வெட்கம்.
யாருக்காவது கொடுக்கப் போகிறான்,
அவர்களுக்கும் வேண்டாம் என்று சொல்ல வெட்கம்.
வாங்கிக்கொள்கிறார்கள், டீ கொடுக்கிறார்கள்,
ராத்திரியோடு ராத்திரியாக
அவன் வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.
ஆளுக்கு ஆள் மன்னிப்புக் கேட்கிறார்கள்.
வாத்திடமும்.
சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்தது.
அவர்கள் என்னைச்
சீக்கு வந்த ஆட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

கச்சான் தூக்கிய நாள், கடலுக்குப் போகவில்லை.
கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் ஒதுக்கில்
நாலு தலை, ஒரு போன்.
என் கட்டைவிரலைப் போனுக்கு அடையாளம் தெரியவில்லை.
பாறை தின்ற ரேகை.
ரேசன் கடை மிசினுக்கும் தெரியாது, அதை விடுங்கள்.
நம்பர் போட்டுத் திறந்தேன்.

கீழே தமிழில் எழுத்து ஓடும்.
ராக்குக்குப் படிக்க வராது, உரக்கப் படித்தேன்.
எழுத்து என்னைவிட வேகம்.
விட்டுப்போன இடத்தில் நானே போட்டு நிரப்பினேன்.
ஒரு துரை "நாசமாப் போவான்" என்றது அப்படித்தான்.
அதற்குத்தான் பூமயில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் படத்தைப் பார்க்கவில்லை,
இவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாதிரியார் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கும் இடம்.
இப்பப் பாரு, இப்பப் பாரு என்றேன்.
ஒருத்தியும் சிரிக்கவில்லை.
அந்த வீட்டுக்கு எத்தனை சன்னல் என்று
எண்ணிக்கொண்டிருந்தாள் நம்புசெல்வி.
பாலைத் தனியாக ஊற்றினால் அது என்ன டீ என்று ஒரு சண்டை.
வாத்து எத்தனை கிலோ தேறும் என்று ஒரு கணக்கு.

முடிந்ததும் ராக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை.
"பொண்டாட்டி செத்தத ஒருத்தரும் அவன்கிட்ட கேக்கலையேடி.
எல்லாரும் வாத்தப் பத்தியே பேசுறாங்க."

மூன்று தடவை பார்த்தவள் நான்.
போனைப் பாலிதீன் பையில் சுற்றினேன்.
ராக்கு வீட்டுக்காரர் போய் ஆடி வந்தால் ஒரு வருசம்.
நாங்கள் அவளிடம் பேசியதெல்லாம்
பாசி என்ன விலை போகிறது என்று.

காற்று இறங்கிய அன்று
ஒரே பாறையில் ஒரே கொத்துக்கு
அவள் கையும் என் கையும்.
மேலே வந்தோம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"மன்னிக்கணும்" என்றாள்,
அந்தத் துரை மாதிரியே தலையைச் சாய்த்து.
"ஐயோ, நீங்க எடுங்க."
"இல்ல இல்ல, நீங்க எடுங்க."
உப்புத்தண்ணி மூக்கில் ஏறச் சிரித்தோம்.
அதற்குள் பூமயில் முங்கி
கொத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பும்போது
சாக்கின் மேல் ராக்கு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்,
அன்றைக்கு என்ன நடந்தது என்று.
பாம்பன் பாலம் கண்ணுக்குத் தெரிந்து
கிட்ட வந்து
நங்கூரம் போடும் வரை சொன்னாள்.

கார்டு இப்போது பூமயிலிடம் இருக்கிறது.
நீங்களும் பாருங்கள், போய்க் கேளுங்கள்.
கொடுக்க மாட்டாள்.
முடியாது என்று சொல்ல
அவளுக்கு வெட்கமே கிடையாது.